உயில்: பதினெட்டு வயது முதல் எல்லோருக்கும்
பீங்கான் நகரம் விருத்தாசலத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

விருத்தாசலத்துக்கு விருத்தகாசி என்றும் பெயர் உண்டு. இங்கே உயிர் பிரிந்தால் முக்தி என்பது இந்த ஊரின் நம்பிக்கை. மாசி மகத்தன்று மணிமுக்தாற்றங்கரையில் முன்னோருக்குத் திதி கொடுக்கக் கூட்டம் நெரிகிறது. சாவைப் பற்றிப் பேசத் தயங்காத ஊர்தான் இது. அப்படியிருந்தும் ஒரு வீட்டில் உயில் என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள். இளைஞர்களோ, "என்கிட்ட என்ன இருக்கு, உயில் எழுத?" என்பார்கள்.

இந்த வழிகாட்டி முக்கியமாக அந்த இளைஞர்களுக்காகத்தான். பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சில் களிமண் ஊற்றுகிறவர், அகல் விளக்குக்கும் கொலு பொம்மைக்கும் வண்ணம் தீட்டுகிற பெண், சின்னதாக ஒரு சூளை வைத்து ஃபியூஸ் கேரியர் செய்து விற்கிறவர், தினமும் நெய்வேலிக்கு வேலைக்குப் போய்வருகிறவர் என்று எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரு வங்கிக் கணக்கு, ஒரு பி.எஃப். கணக்கு, ஒரு பைக், கொஞ்சம் நகை, அப்பா வழியில் வரவேண்டிய ஒரு பங்கு. விபத்து வயது பார்த்து வருவதில்லை. உயில் எழுத ஒருவர் பணக்காரராகவோ வயதானவராகவோ இருக்க வேண்டியதில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இரண்டே தகுதிகள்: பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், எழுதும்போது மனம் தெளிவாக இருக்க வேண்டும். பார்வையற்றவரும் எழுதலாம், எழுதப் படிக்கத் தெரியாதவரும் எழுதலாம்.

முதல் படி: நீங்கள் எழுதாவிட்டால் யாருக்குப் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதில் அதிக நேரம் செலவிடுங்கள். உயில் எழுதாதவருடைய சொத்தை யாருக்கு எவ்வளவு என்று சட்டமே பிரித்துவிடுகிறது. அந்தப் பிரிவினை உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. பல வீடுகளுக்குப் பொருந்துவதில்லை.

கல்யாணமாகாத இந்து இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது இருபத்து நான்கு. சின்ன வயதிலேயே அம்மா பிரிந்து போய்விட்டார். அப்பாவும் அத்தையும்தான் வளர்த்தார்கள். தங்கை கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்கு ஃபீஸ் கட்டுவது இவர். திடீரென்று இவர் இறந்துபோனால் சேமிப்பு யாருக்கு? 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா முதல் வகுப்பு வாரிசு, அப்பா இரண்டாம் வகுப்பு வாரிசு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தால் இரண்டாம் வகுப்புக்கு ஒன்றும் போகாது. ஆக, முழுவதும் அம்மாவுக்கே. வளர்த்த அப்பாவுக்கு இல்லை, அத்தைக்கு இல்லை, படிக்கிற தங்கைக்கும் இல்லை. ஒரு பக்க உயில் இந்த நிலையை மாற்றிவிடும்.

கல்யாணமாகிக் குழந்தை இல்லாத ஆண் இறந்தால் மனைவிக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி. இரண்டு குழந்தைகள் இருந்தால் மனைவி, அம்மா, இரு குழந்தைகள் என நான்கு சம பங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? வீட்டுக் கடனை அடைக்க அந்த இளம் மனைவி மனையை விற்க நினைத்தால், மைனர் குழந்தைகளின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். மாமியாரின் கையெழுத்தும் வேண்டும். மாமியார் நல்லவராகவே இருந்தாலும் அவருக்கு வேறு பிள்ளைகள் இருப்பார்கள். துக்கம் ஆறுவதற்குள் குடும்பத்துக்குள் பேச்சு தடித்துவிடும்.

பெண்களுக்கு இது இன்னும் அவசியம். குழந்தை இல்லாத ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்தது முதலில் கணவனுக்குப் போகும். கணவன் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. பெற்ற அம்மா அப்பா அவர்களுக்கும் பின்னால்தான் நிற்கிறார்கள். நாராயணி தேவி என்ற பெண்ணின் வழக்கை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டும். 1955-இல் கல்யாணம், மூன்று மாதத்துக்குள் கணவர் பாம்பு கடித்து இறந்துபோனார். புகுந்த வீட்டார் துரத்திவிட்டார்கள். பெற்றோர் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், பணம் சேர்த்தார். 1996-இல் உயில் இல்லாமல் இறந்தார். அவருடைய வங்கிப் பணத்துக்கும் சேமநல நிதிக்கும் அவர் தாயும், துரத்திய வீட்டின் வாரிசுகளும் உரிமை கோரினார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம், மனிதாபிமானம் ஒரு பக்கம் இருந்தாலும் சட்டம் இப்படித்தான் சொல்கிறது என்று கூறி, கணவன் வழி வாரிசுகளுக்கே கொடுத்தது. நாற்பது ஆண்டுகள் அவரை எட்டிப்பார்க்காத குடும்பத்துக்கு அவருடைய உழைப்பு போயிற்று. அந்தத் தாயை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

சட்டத்தின் அந்தப் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, ஆர். மகாதேவன் அமர்வு, பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், காலம் தாழ்த்தாமல் உயில் எழுதிவைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. அம்மா அப்பாவிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்துக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: குழந்தை இல்லாவிட்டால் அது அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். சொந்தச் சம்பாத்தியத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சட்டம் தெரிந்தவர்கள், செல்வாக்கு உள்ளவர்கள் வீட்டிலும் இது நேர்கிறது. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று இறந்தபோது உயில் எதுவும் வெளிவரவில்லை. அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும்தான் வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2020 மே மாதம் ஆயிற்று. போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தின் சாவி அவர்கள் கைக்கு வர 2021 டிசம்பர் ஆயிற்று.

இன்னொரு தமிழ்நாட்டு வழக்கு இதைவிட நீளம். மாரப்ப கவுண்டர் என்பவர் 1938-இல் ஏலத்தில் நிலம் வாங்கி, உயில் எழுதாமல் 1949-இல் இறந்தார். ஒரே மகள் குப்பாயி அம்மாள். அவரும் பிள்ளையில்லாமல் 1967-இல் இறந்தார். அந்த நிலம் மகளுக்கு வந்ததா, தம்பி மகனுக்குப் போனதா? விசாரணை நீதிமன்றம் 1994-இல் ஒன்று சொல்லி, உயர் நீதிமன்றம் 2009-இல் அதையே உறுதிசெய்து, கடைசியில் 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம்தான் மகளுக்கே வந்தது என்று மாற்றித் தீர்ப்பளித்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

முஸ்லிம்களுக்கு விதி வேறு. பொதுவாக, இறுதிச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயிலாகக் கொடுக்க முடியாது. வாரிசாக வருகிற ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. அவர்கள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு: கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும், புதிதாக எழுத வேண்டும். இந்துக்களுக்கு அப்படி இல்லை. ஆனால் கல்யாணமான பிறகு பழைய உயிலை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: இருப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்

சுந்தரர் இந்த ஊரில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுக்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். அவருக்கு இறைவன் துணை இருந்தது. கையில் அந்தப் பொன்னின் மாதிரித் துண்டான மச்சமும் இருந்தது. உங்கள் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. எந்த வங்கியில் எவ்வளவு, எந்தப் பாலிசி எந்த ஏஜென்ட், எந்தச் சீட்டில் எத்தனை தவணை பாக்கி என்று தெரியாமல் ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிற வீடுகள் எத்தனையோ.

வீடு, மனை, முந்திரித் தோப்பு இருந்தால் பத்திரத்தை எடுத்து ஆவண எண், ஆண்டு, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றைப் பார்த்து எழுதுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால் உயிலுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அரசு கொடுத்த இலவச மனைப் பட்டா என்றால் அதில் உள்ள நிபந்தனைகளைப் படியுங்கள்.

பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு, அந்தப் பங்கைக் கணக்கிடும்போது மகள்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். "பையன்களுக்கு மட்டும்" என்று பூர்வீக நிலம் முழுவதையும் எழுதிவைக்கிற உயில், மகள் வழக்குப் போட்ட அன்றே ஆட்டம் காணும்.

தொழில் வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஷெட்டும் நிலமும் உங்களுடையதா, தொழிற்பேட்டையில் குத்தகையாக ஒதுக்கப்பட்டதா? ஒதுக்கீடு என்றால் ஒதுக்கீட்டு உத்தரவு என்ன சொல்கிறதோ அதுதான் நடக்கும். அது அனுமதிக்கிற அளவுக்குத்தான் நீங்கள் எழுத முடியும். கூட்டாளியோடு நடத்தும் தொழிலாக இருந்தால், ஒரு கூட்டாளி இறந்தவுடன் கூட்டு கலைந்துவிடும் என்பதுதான் பொதுச் சட்டம். மீதிப் பேர் தொடர்ந்து நடத்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே தொடரும். அந்த ஒப்பந்தத்தை எடுத்து இப்போதே பாருங்கள். பிறகு சூளை, களிமண் அரைக்கும் பால்மில், மோட்டார், கையிருப்புச் சரக்கு. இவற்றோடு அச்சுகளையும் எழுதுங்கள். ஒரு சின்ன யூனிட்டின் மதிப்பே அதன் மூல அச்சுகளில்தான் இருக்கிறது. பிள்ளையார் பொம்மைக்கான மூல அச்சு யாரிடம் போகிறதோ அவரிடம்தான் அடுத்த கொலு சீசனின் ஆர்டரும் போகும். "இயந்திரங்களும் தளவாடங்களும்" என்று பொதுவாக எழுதிவிட்டு அச்சை விட்டுவிட்டால் அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும். வெளியூர் வியாபாரிகள் தரவேண்டிய பாக்கி, தொழிலாளருக்குக் கொடுத்த முன்பணம், நீங்கள் வாங்கிய கடன் எல்லாம் அதே தாளில் வரட்டும். கடனுக்கு வாரிசுகள் பொறுப்பு, ஆனால் உங்களிடமிருந்து அவர்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும்.

நகை பெண்ணுடையது என்றால் அவர்தான் அதற்கு உயில் எழுத வேண்டும். கணவர் தன் உயிலில் மனைவியின் நகையைப் பங்கு பிரிக்க முடியாது.

*நாமினி போட்டாச்சே, போதாதா?*

போதாது. பணத்தை வங்கியிடமிருந்து வாங்கி, உரியவர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பாளர்தான் நாமினி. 1983-இல் காப்பீட்டு வழக்கு ஒன்றிலும், 2023 டிசம்பரில் பங்குகள் பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினியும் உயிலும் ஒரே பெயரைச் சொன்னால் வம்பே இல்லை. பி.எஃப். கணக்கில் ஒரு சிக்கல் உண்டு: கல்யாணத்துக்கு முன் போட்ட நியமனம் கல்யாணமானதும் செல்லாது. புதிதாகப் போட வேண்டும். பலர் போடுவதே இல்லை.

மூன்றாம் படி: யாருக்கு எது என்று முடிவு செய்யுங்கள்

முடிவு உங்களுடையது. ஆனால் சில இடங்களில் தெளிவு வேண்டும்.

மனைவிக்கு வீட்டை எழுதும்போது, "ஆயுள் முழுக்க அனுபவித்துக்கொள்ள" என்று எழுதுகிறீர்களா, "சர்வ சுதந்திரமாக, விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமையோடு" என்று எழுதுகிறீர்களா? இரண்டும் வேறு வேறு. அனுபவிக்கும் உரிமை மட்டும் கொடுத்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட அவரால் அந்த வீட்டை விற்க முடியாது. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் பல அப்பாக்கள் அப்படி எழுதிவிட்டுப் போகிறார்கள். என்னைக் கேட்டால், மனைவிக்கு முழு உரிமையும் கொடுத்துவிட வேண்டும் என்பேன்.

ஒரு பிள்ளைக்குக் குறைவாகவோ ஒன்றும் இல்லாமலோ எழுதினால் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்: "மூத்த மகளுக்குக் கல்யாணத்தின்போதே மனை வாங்கிக் கொடுத்துவிட்டேன்." கோபத்தைக் கொட்ட வேண்டாம், உண்மையை மட்டும் சொன்னால் போதும். இயற்கையான வாரிசைக் காரணமில்லாமல் ஒதுக்குவதை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடு பார்க்கின்றன.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அவர் பங்கை யார், எப்படிப் பராமரிப்பது என்று தனிப் பத்தியே வேண்டும். அதை வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுவது நல்லது.

சின்னக் குழந்தைகள் உள்ளவர்களுக்கு உயிலின் மிகப் பெரிய பயன் சொத்தைப் பற்றியதே அல்ல. கணவனும் மனைவியும் ஒரே விபத்தில் போய்விட்டால் குழந்தையை யார் வளர்ப்பது? பாதுகாவலரை உயிலில் நியமிக்கலாம். தாத்தா பாட்டியா, சித்தியா, மாமாவா என்பதை அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு எழுதுங்கள். இரண்டு வீட்டாரும் குழந்தையை ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைத் தடுக்க அந்த ஒரு வரி பெரிதும் உதவும்.

நீங்கள் யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் அடுத்து யார் என்பதையும் எழுதுங்கள். "இதில் சொல்லாத சொத்தும், இனிமேல் எனக்கு வரக்கூடிய சொத்தும் இன்னாருக்கு" என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். இளைஞர்களுக்கு இந்த வரிதான் உயிர்நாடி. இன்று பைக் மட்டும் இருக்கலாம், ஐந்து வருஷத்தில் மனை வரும். அதையும் இந்த ஒரு வரி பார்த்துக்கொள்ளும்.

உயிலை நிறைவேற்ற ஒருவரை நியமியுங்கள். நிறைவேற்றுநர் என்பார்கள். அவரே சொத்து பெறுபவராகவும் இருக்கலாம். உங்களைவிட வயது குறைந்த, கணக்கு வழக்கில் நேர்மையான ஆளாகப் பாருங்கள்.

நான்காம் படி: எழுதுங்கள்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். டைப் செய்யலாம், கையால் எழுதலாம். உங்கள் கையெழுத்திலேயே முழுவதும் எழுதினால் பின்னால் நிரூபிக்க எளிது. பத்திர எழுத்தரோ வழக்கறிஞரோ எழுதிக்கொடுத்தால், ஒவ்வொரு வரியையும் படித்து, அல்லது படிக்கச் சொல்லிக் கேட்டு, புரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆரம்பம் இப்படி இருக்கலாம்:

"இன்ன தேதியில், விருத்தாசலம் இன்ன தெருவில் வசிக்கும் இன்னாருடைய மகள், இன்ன வயதுள்ள நான், பூரண சுயநினைவோடும் தெளிந்த மனதோடும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், எனக்குப் பின் என் சொத்துகள் சேரவேண்டியவர்களைக் குறித்து எழுதிவைக்கும் உயில். இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் எல்லாவற்றையும் ரத்து செய்கிறேன். என் ஆயுட்காலம் வரை இந்தச் சொத்துகளை நானே சர்வ சுதந்திரமாக அனுபவித்து வருவேன்."

அடுத்து குடும்ப விவரம், சொத்து விவரம், யாருக்கு எது, பாதுகாவலர், நிறைவேற்றுநர், மீதிச் சொத்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் நீங்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். அதைவிட, அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதிவிடுவது மேல்.

கைநாட்டு வைப்பவர் என்றால், உயில் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது, அவர் புரிந்துகொண்டு ரேகை வைத்தார் என்ற வரி கட்டாயம் வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்று நின்றுவிட வேண்டாம். விருத்தாசலம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

ஐந்தாம் படி: இரண்டு சாட்சிகள்

உயில்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சட்டம் கேட்பது குறைந்தது இரண்டு சாட்சிகள். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று நீங்கள் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் உங்கள் கண்முன்னே கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் ஒரே மேசையில், ஒரே பேனாவில் முடித்துவிடுங்கள். "கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பா" என்று பேப்பரைச் சாட்சி வீட்டுக்கு அனுப்பிவைப்பதுதான் நாம் அடிக்கடி செய்கிற தவறு. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்தால் அது வெளிவந்துவிடும், உயிலும் விழுந்துவிடும்.

சாட்சியாக யாரைக் கூப்பிடுவது? உயிலில் எதுவும் பெறாதவரை. கிறிஸ்தவர்களுக்கு இது சட்டமே: சாட்சிக்கோ சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ எழுதியது செல்லாது. இந்துக்களுக்கு அப்படியொரு தடை இல்லாவிட்டாலும் சந்தேகத்துக்கு வழிவிடும். உங்களைவிடச் சின்னவராக, நன்றாகத் தெரிந்தவராக, இந்த ஊரிலேயே இருக்கக்கூடியவராகப் பாருங்கள். பக்கத்து யூனிட் முதலாளி, பிள்ளைகளின் ஆசிரியர், குடும்ப டாக்டர். உங்களுக்கு வயதாகிவிட்டது அல்லது உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் ஒரு சாட்சியாக இருப்பது பெரிய பலம். மனத்தெளிவு பற்றி அன்றைய தேதியில் அவரிடம் ஒரு சான்றும் வாங்கி இணைத்துவிடுங்கள். சாட்சிகளின் முழுப்பெயர், தந்தை பெயர், முகவரி எல்லாம் தெளிவாக இருக்கட்டும். உயில் வழக்குக்குப் போனால் உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்லியாக வேண்டும்.

சொத்து பெறப்போகிற மகனே முன்னின்று எழுத்தரைக் கூப்பிட்டு, சாட்சிகளையும் அழைத்து வந்து, படுக்கையில் இருக்கும் அப்பாவிடம் கையெழுத்து வாங்குவது சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் காட்டுகிறவருடையது என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லிவிட்டது. இன்றும் எல்லா நீதிமன்றங்களிலும் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதச் சொல்வது இதனால்தான். முப்பது வயதில் ஆபீஸ் நண்பர்கள் முன்னால் எழுதிய உயிலில் யாராலும் இந்தக் குறையைச் சொல்ல முடியாது.

ஆறாம் படி: பதிவு செய்யலாமா?

கட்டாயம் இல்லை. பதிவு செய்யாத உயிலும் செல்லும். ஆனாலும் நான் பதிவு செய்யத்தான் சொல்வேன். தொலைந்தாலும் நகல் கிடைக்கும். நீங்கள் நேரில் வந்து ரேகை வைத்ததற்கு அரசுப் பதிவு இருக்கும். ஆதாரோடும் இரண்டு சாட்சிகளோடும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் வேலை. எழுதி எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் பதிவு செய்யலாம். நடக்க முடியாதவருக்காகப் பதிவு அலுவலரே வீட்டுக்கு வர வழி உண்டு. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை நகலை உங்களுக்கோ உங்கள் முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். வில்லங்கச் சான்றிலும் உயில் வராது. ஆகவே பதிவு செய்தால் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

யாருமே படிக்கக்கூடாது என்றால், உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பதிவு செய்துவிட்டால் சாட்சி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பதிவான உயிலையும் சாட்சியை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும்.

ஏழாம் படி: எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்

நிறைவேற்றுநரிடம் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை, எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் வைக்காதீர்கள்; உங்களுக்குப் பிறகு அதைத் திறக்கவே உயிலைக் கேட்பார்கள்.

எட்டாம் படி: மாற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்

கல்யாணம், குழந்தை, விவாகரத்து, புது மனை, புதுக் கூட்டாளி என்று எது வந்தாலும் உயிலைத் திரும்ப எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். பதிவு செய்த உயிலைப் பதிவு செய்யாத புது உயிலாலும் மாற்றலாம் என்பது சட்டம். ஆனால் சண்டை வராமல் இருக்க, பதிவானதைப் பதிவு செய்தே மாற்றுங்கள். பழையதைக் கிழித்துவிடுங்கள்.

உயிலுக்குப் பதிலாகத் தானசெட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் சொத்து உடனே கைமாறிவிடும். பிறகு நீங்களாக ரத்து செய்ய முடியாது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு கைவிட்ட பிள்ளைமேல், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருந்தால்தான் வழக்கு வலுவாக நிற்கும். குடியிருக்கும் ஒரே வீட்டை உங்கள் உயிர் உள்ளவரை யாருக்கும் மாற்றிக்கொடுக்காதீர்கள் என்று பெரியவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உயிலாக எழுதுங்கள். கடைசிவரை வீடு உங்களுடையது, முடிவும் உங்களுடையது.

ஒன்பதாம் படி: உங்களுக்குப் பிறகு குடும்பம் செய்யவேண்டியது

இதை வீட்டில் ஒருவருக்காவது காட்டிவையுங்கள். முதலில் இறப்புச் சான்று, ஐந்தாறு நகல்களோடு. பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம். உயில் இருந்தாலும் பல இடங்களில் இதைக் கேட்பார்கள். சென்னையில் எழுதிய உயிலுக்கும் சென்னைச் சொத்துக்கும் உயர் நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்கும் உத்தரவு வாங்கியாக வேண்டும் என்று முன்பு இருந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் அந்த 213-ஆவது பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. விருத்தாசலத்தில் எழுதிய, இங்குள்ள சொத்து பற்றிய உயிலுக்கு அது முன்பும் கட்டாயமாக இருந்ததில்லை.

உயில், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம் வைத்துப் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபிக்காவிட்டால் அங்கேயே முடிந்துவிடும். ஒருவர் ஆட்சேபித்தாலும் வட்டாட்சியர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். அங்கேதான் அந்தச் சாட்சிகளின் முகவரி வேண்டியிருக்கும். தொழில் இருந்தால் மின் இணைப்பு, ஜி.எஸ்.டி. பதிவு, உத்யம் பதிவு, தொழிற்பேட்டை ஒதுக்கீடு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற வேண்டும். சூளையை அணைத்துவிட்டுக் காத்திருக்காமல் இருக்க, யார் பொறுப்பேற்று நடத்துவது என்று உயிலிலேயே எழுதியிருந்தால் வங்கியும் வியாபாரிகளும் அவரிடமே பேசுவார்கள்.

எந்த அலுவலகத்திலும் அசல் உயிலைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அசலைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, சான்றிட்ட நகலை மட்டும் கொடுங்கள்.